தையல்காரி கதவைத் திறந்தாள்

அந்தத் தொடர்கதையை எழுதியவர் மேல் எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை. ஒரு வருஷத்துக்கு மேல் வாராவாரம் எங்களை இழுத்தடித்துவிட்டு, கடைசி வாரத்தில் அவர் செய்த காரியம் இதுதான். மழை கொட்டுகிறது. விட்டுவிட்டு ஓடிப்போன புருஷன் இத்தனை வருஷம் கழித்து வாசலில் நின்று கதவைத் தட்டுகிறான். தையல் மெஷினை மிதித்துக்கொண்டிருந்தவள் காலை எடுக்கிறாள், எழுந்து போகிறாள், கதவைத் திறக்கிறாள். கீழே ‘முற்றும்’ என்று போட்டுவிட்டார்கள். அவனை உள்ளே விட்டாளா, விரட்டினாளா, ஒன்றும் கிடையாது. பட்டணத்தில் உட்கார்ந்து எழுதுகிறவருக்கு அது அழகான முடிவாகத் தோன்றியிருக்கும். அந்தக் கதவை வைத்து எங்கள் வீட்டில் என்ன கூத்து நடந்தது என்று அவருக்கு யார் போய்ச் சொல்வது?

அது எழுபதுகளின் கடைசி. மல்லசமுத்திரத்துக்கும் திருச்செங்கோட்டுக்கும் நடுவில் எங்கள் ஊர். அந்த வாரப் பத்திரிகை ஊரில் எங்கள் வீட்டுக்கு மட்டும்தான் வரும். மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் எங்கள் வீட்டு ஆசாரத்தில், அதாவது முன்கூடத்தில், பெண்கள் கூடிவிடுவார்கள். புளியில் கொட்டை எடுப்பது, மிளகாய்க்குக் காம்பு கிள்ளுவது, விதைக்குக் கடலைக்காய் உடைப்பது என்று ஏதாவது ஒரு வேலை கையில் இருக்கும். நான் பத்தாவது முடித்துவிட்டு மாப்பிள்ளைக்காக வீட்டில் நிறுத்தி வைக்கப்பட்டிருந்தவள். படித்துக் காட்டுவது என் வேலை. எழுத்துத் தெரிந்தவர்களும் தாங்களாகப் படிக்க மாட்டார்கள். நாலு பேரோடு சேர்ந்து கேட்டால்தான் அவர்களுக்கு அது கதை.

கதாநாயகிக்குக் கதையில் ஒரு பெயர் இருந்தது. எங்கள் ஆசாரத்தில் யாரும் அந்தப் பெயரைச் சொன்னதில்லை. தையக்காரி என்றுதான் பேச்சு. “தையக்காரி இந்த வாரம் எப்படி இருக்கறா அம்மணி?” என்று, சீக்காய்க் கிடக்கும் சொந்தக்காரியை விசாரிக்கிற மாதிரி கேட்டுக்கொண்டேதான் வந்து உட்காருவார்கள்.

‘முற்றும்’ என்று நான் படித்த அன்று புளிவேலை நடந்துகொண்டிருந்தது. பெரியம்மா, அதாவது அப்பாவின் அண்ணி, “அடுத்த பக்கத்தப் பொரட்டு கண்ணு” என்றார். அடுத்த பக்கத்தில் தலைவலித் தைல விளம்பரம்தான் இருந்தது. நான் அதைத் தூக்கிக் காட்டினேன். “இதென்ன அக்குருமமா இருக்குது? மழையில அவன நிக்க வெச்சுப்போட்டு இவரு எந்திரிச்சுப் போயிட்டாரா?” என்று பெரியம்மா புளியைக் கீழே போட்டார்.

மறுநாளிலிருந்து அவர்களே கதையை எடுத்துக்கொண்டார்கள். யாரும் கூடிப்பேசி முடிவு செய்யவில்லை, அதுவாக ஆரம்பித்தது. ஒருத்தி கொஞ்சம் சொல்லி நிறுத்துவாள். மறுநாள் இன்னொருத்தி, “நேத்து எங்க உட்டோம்?” என்று கேட்டுவிட்டு அங்கிருந்து மேலே கொண்டு போவாள். பிடிக்காதவர்கள் பாதியில் மறிப்பார்கள், அப்புறம் சண்டை.

பெரியம்மா விரட்டுகிற கட்சி. அவருடைய தையக்காரி கையில் கத்தரிக்கோலோடு போய்க் கதவைத் திறந்தாள். “ஏனுங்க, நீங்க யாருங்க? எந்த ஊருங்க?” என்று கேட்டாள். அவன் பதில் சொல்வதற்குள் கதவைச் சாத்தினாள். அதோடு விட்டாரா பெரியம்மா? அவளைச் சேலத்துக்கே கொண்டுபோய், கடைவீதியில் நாலு மெஷின் போட்ட தையல்கடை வைத்துக் கொடுத்தார். நாலு பெண்கள் அவளிடம் வேலைக்கு இருந்தார்கள். ஒரு நாள் அந்தப் புருஷனே விவரம் தெரியாமல் சட்டை தைக்க வந்தான். அவள் அளவெடுத்து, தைத்து, கூலியைக் கறாராக வாங்கிக்கொண்டு அனுப்பினாள். ஆசாரமே விழுந்து விழுந்து சிரித்தது. நானும் பெரியம்மா கட்சிதான். பத்திரிகை நடையில் அதை மெருகேற்றித் திருப்பிச் சொல்வேன்.

எங்கள் கடலைக்காட்டு வேலைக்கு வருகிற ஓர் அம்மாள் மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. “உள்ள உட்டுட்டாளுங்க. மழையில நாய் நின்னாலே மனசு கேக்காதுங்களே. சோறும் போட்டா. ஆனா ஒரு வார்த்த பேசலீங்க” என்றார். “உனக்கு ரோசமே கெடையாதா?” என்று பெரியம்மா சீறினார். நானும் சேர்ந்துகொண்டு அந்த அம்மாளை ஒரு வாரம் வாட்டி எடுத்தேன். அவர் மாற்றிக்கொள்ளவே இல்லை.

இத்தனை பேச்சிலும் வாயைத் திறக்காதவள் என் அக்கா ஒருத்திதான். மேச்சேரிப் பக்கம் கட்டிக்கொடுத்திருந்தோம். மாமா ரிக் வண்டியில் கிணறு துளைக்கிற வேலைக்கு வடக்கே போனவர், அங்கேயே வேறொருத்தியோடு குடித்தனம் வைத்துக்கொண்டார். அக்கா மகளைத் தூக்கிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டாள். தையக்காரிக்காகப் பல்லைக் கடித்தவர்கள் எல்லாரும் அக்காவுக்காகவும்தான் கடிக்கிறார்கள் என்று நான் நினைத்திருந்தேன்.

பிறகு ஒரு நாள் மாமா திரும்பி வந்தார். வடக்கே இருந்த குடித்தனம் என்ன ஆயிற்று என்று அவர் சொல்லவில்லை. எங்கள் ஆட்களும் கேட்கவில்லை! அக்காவைக் கூட்டிப்போக அவருடைய அம்மாவும் பங்காளிகளும் வந்திறங்கினார்கள். வாசலில் கட்டில் போட்டு உட்கார வைத்தார்கள். மாமா பலகாரத் தட்டை மடியில் வைத்துக்கொண்டு, பொண்ணு பார்க்க வந்த மாப்பிள்ளை மாதிரி தலையைக் குனிந்திருந்தார். எனக்கு அந்தத் தட்டைப் பிடுங்கி வீசலாம் போலிருந்தது.

அவர் அம்மாதான் ஆரம்பித்தார். அவர்கள் வீட்டிலும் அதே பத்திரிகை வாங்கியிருக்கிறார்கள். “எந்தப் பொம்பளைக்குத்தான் கஷ்டமில்லீங்க? அந்தத் தையல் மெஷின் வெச்சுப் பொழச்ச பொண்ணு படாததா? அவளே கடைசியில கதவத் தொறந்து உள்ள கூப்புட்டுக்கிட்டாளே!”

நிலைப்படியருகில் நின்ற எனக்குத் தாங்கவில்லை. “கூப்புடலீங்க! வெரட்டிட்டா!” என்று கத்திவிட்டேன்.

“எங்கம்மணி வெரட்டுனா? கதவத் தொறந்தான்னுதான் போட்டிருந்துது. சேத்துக்கறவதான் தொறப்பா.”

“வெரட்டறவளும் தொறந்துதானுங்களே வெரட்டோணும்!”

வந்த காரியம் ஒரு பக்கம் கிடக்க, தையக்காரி கதவைத் திறந்தது எதற்கு என்று ஒரே வாதமாகிவிட்டது. பெரியம்மா எனக்குத் துணைக்கு வருவார் என்று திரும்பிப் பார்த்தேன். அவர் வெற்றிலையை மென்றுகொண்டு வேப்பமரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நாலு மெஷின் போட்டுக் கடை வைத்துக் கொடுத்தவர்!

பெரியப்பா பத்திரிகையைக் கையால் தொட்டதில்லை. அதுவரை எல்லாவற்றையும் கவனமாகக் கேட்டவர், தொண்டையைச் செருமிக்கொண்டு அக்காவின் மாமியாரிடம் விசாரித்தார்: “அந்தப் பொண்ணு எந்த ஊருங்க? மேச்சேரிப் பக்கமுங்களா? அவிய ஊட்டுப் பெரியவங்க என்ன பேசி முடிச்சாங்க?”

யாரும் சிரிக்கவில்லை. அப்பா மெதுவாக, “அது கதைங்கண்ணா. பொஸ்தகத்துல வாரது” என்றார். பெரியப்பா விடவில்லை. “கதையோ என்னவோ, ஒருத்தி சேத்துக்கிட்டிருக்கறா. நாலு பேரு படிச்சுப்போட்டு நல்லதுன்னு சொல்லியிருக்கறாங்க. நாமளும் அப்படியே பண்ணிப்போடலாம்” என்றார். பிறக்கவே பிறக்காத ஒருத்தி வந்து என் அக்காவின் வாழ்க்கைக்குச் சாட்சி சொல்லிவிட்டுப் போகிறாள். அதைப் பெரியவர்கள் ஏற்றுக்கொள்கிறார்கள்.

அக்கா அடுப்படியிலிருந்து வெளியே வந்தாள். ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு பெரியப்பாவுக்கு எதிரில் நின்றாள்.

“பெரீப்பா, அவ கதவத் தொறந்ததோட அந்தக் கதை முடிஞ்சுபோச்சுங்க. எனக்கு நாளைக்குக் காத்தால விடியுமுங்க. நான் போகலீங்க.”

சமைத்து வைத்த சாப்பாட்டைத் தொடாமல் வந்தவர்கள் எழுந்து போனார்கள். எங்கள் பக்கத்தில் அதைவிடப் பெரிய அவமானம் கிடையாது. அப்பா அக்காவிடம் பேசுவதை நிறுத்தினார். அம்மா பேசினார், ஆனால் முகத்தைப் பார்க்காமல். எனக்கு மட்டும் தலை நிமிர்ந்திருந்தது. நம் கட்சி ஜெயித்துவிட்டது என்ற பைத்தியக்கார நினைப்பு.

விதைக்கடலை உடைக்கிற பருவம் வந்தது. ஆசாரத்தில் மறுபடியும் கூட்டம். அக்கா தன் மகளைப் பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டிவரப் போயிருந்த நேரம், நான் உள்ளே தண்ணீர் மொண்டுகொண்டிருந்தேன். பெரியம்மாவின் குரல் கேட்டது.

“கட்டுனவன் வந்து நிக்கறான், இவளுக்கென்ன அத்தன ராங்கி? இதுக்குப் பின்னால எதோ இருக்குது.”

“அப்புறம்?” என்று ஒருத்தி எடுத்துக்கொடுத்தாள். இன்னொருத்தி, அக்கா சந்தைக்குப் போன அன்று யாருடனோ நின்று பேசியதாகச் சொன்னாள். அவள் நிறுத்திய இடத்திலிருந்து அடுத்தவள் தொடங்கினாள். மாமா பணம் கொண்டுவந்து கொடுத்ததாகவும் அக்கா அதை மூஞ்சியில் எறிந்ததாகவும் ஆயிற்று. அவர் பணமே கொண்டுவரவில்லை! தையக்காரியை எப்படி மேலே கொண்டுபோனார்களோ அதே மாதிரி, அதே வாய்கள். அவளுக்குச் சேலம் கடைவீதியையே எழுதிக்கொடுத்த பெண்களுக்கு, என் அக்காவுக்குப் பெற்ற வீட்டில் ஒரு மூலை கொடுக்க மனசில்லை. காட்டு வேலைக்கு வருகிற அம்மாள் மட்டும், “உட்டுருங்க ஆத்தா, பாவமுங்க” என்றார். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

நான் சொம்பை வைத்துவிட்டு வெளியே வந்தேன். “தையக்காரி மட்டும் வெரட்டலாமுங்களா பெரீம்மா?”

பெரியம்மாவுக்குக் கொஞ்சம்கூட வெட்கமில்லை. “அவ கதையில இருக்கறவ கண்ணு. அவ எப்படிப் போனாலும் ஆருக்கு என்ன? இவ இப்படி வந்து உக்காந்துக்கிட்டா உன்ன எவன் வந்து கட்டுவான்?”

என் கல்யாணத்தைக் காட்டித்தான் அக்காவைப் பேசிக்கொண்டிருந்தார்கள். எனக்காகவாம்! யார் கேட்டது? நான் கேட்டேனா? அன்று அங்கே உடைத்து வைத்திருந்த இரண்டு முறம் கடலையையும் அவர்கள் நடுவில் கொட்டிவிட்டு உள்ளே போனேன். சாயங்காலம் அக்காவிடம் ஒன்றுவிடாமல் ஒப்பித்தேன். இனிமேல் இந்தக் கூட்டத்துக்கு ஒரு வரிகூடப் படிக்கமாட்டேன் என்று அழுதேன். அவளும் கதவைச் சாத்திக்கொண்டு அழுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் என்னை உட்கார வைத்துத் தலையைச் சிக்கெடுத்துவிட்டாள்.

மறுநாள் மத்தியானம் எல்லாரும் வந்து உட்கார்ந்த பிறகு, அக்கா ஒரு முறத்தை எடுத்துக்கொண்டு ஆசாரத்துக்கு வந்தாள். வழக்கமாக அவள் தூணோரமாக உட்காருவாள். அன்று பெரியம்மாவுக்கு நேர் எதிரில், நடுக்கூட்டத்தில் உட்கார்ந்தாள். ஒரு கடலைக்காயை எடுத்து உடைத்துப் பருப்பை முறத்தில் போட்டாள்.

“நேத்து என்னோட கதைய எங்க உட்டீங்க பெரீம்மா?” என்றாள்.

கைகள் எல்லாம் நின்றன. பெரியம்மா குனிந்து முறத்தில் பருப்பில்லாத பொக்குக் காய் தேடினார். அக்கா அவர் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

“சொல்லுங்க. நானும் கேட்டுக்கறேன். அடுத்தாப்பல நான் என்ன பண்ணுனனுங்க?”