எல்லாம் ஓகே என்று சொன்ன ஸ்கிரிப்ட்

புரோகிராம் எழுதுகிறவர்கள் சமையல்காரர்கள் என்றால், அதைக் கட்டி ஓடவைக்கும் பில்ட் ஸ்கிரிப்ட் எழுதுகிற நாங்கள் அடுப்பு எரிகிறதா, பாத்திரம் ஓட்டையா என்று முன்னாலேயே பார்க்கிறவர்கள். எந்தக் கம்ப்யூட்டரில் எந்தக் கருவி, அது எந்த வெர்ஷன், வேண்டிய வசதி அதில் உண்டா என்று பார்த்துச் சொல்ல வேண்டும். சாப்பாடு நன்றாக இருந்தால் எங்களை யாருக்கும் ஞாபகம் வராது. தீய்ந்தால் முதல் அடி எங்களுக்குத்தான். இந்தப் பிழைப்பில் மாட்டிக்கொண்ட புண்ணியவான்களே, பயத்தைப் பற்றி உங்களுக்கு நான் பாடம் எடுக்க வேண்டாம்.

காலி நாற்காலி

அமெரிக்கக்காரன் வேலை திருப்பதி வரைக்கும் வந்துவிட்ட காலம். நகரியில் பவர்லூம் ஓட்டிக்கொண்டிருந்த எங்கள் நைனா, பையன் கம்ப்யூட்டர் கம்பெனியில் சேர்ந்துவிட்டான் என்று தெருவெல்லாம் சொல்லி முடித்திருந்தார். எனக்கோ ஆறு மாதம் சோதனைக் காலம். தேறினால் நிரந்தரம், இல்லையென்றால் நகரி பஸ்.

முதல் நாள் என் மேஜைக்கடியில் ஒரு டிபன் பாக்ஸ் கிடந்தது. யாருடையது என்று பக்கத்து சீட் சுகுணாவைக் கேட்டேன். பலமனேர்க்காரி, ஒளித்துப் பேசத் தெரியாது. "உனக்கு முன்னாடி இங்க குந்திக்கினு இருந்தவனோடது. மத்தியானம் துன்றதுக்குள்ள அனுப்பிட்டாங்க."

ஒன்பதுக்கு அப்புறம்

மூன்றாவது மாதம். அமெரிக்காவில் எங்கள் வாடிக்கையாளர் கம்பெனி, புரோகிராமை மெஷின் மொழிக்கு மாற்றும் கம்பைலரை 2.9-லிருந்து 2.10-க்கு மாற்றியது. என் ஸ்கிரிப்ட் "பழைய வெர்ஷன், ஆகாது" என்று வேலையை நிறுத்திவிட்டது. பள்ளிக்கூடக் கணக்கில் 2.10 என்றால் 2.1தானே, 2.9-ஐவிடச் சின்னது! அப்படித்தான் எழுதித் தொலைத்திருந்தேன். அங்கே ஒரு பகல் முழுக்க யாருக்கும் வேலை ஓடவில்லை.

போனில் வந்தவர் கல்யாணி மேடம். எங்கள் பக்கத்துக் குடிபாலாவில் பிறந்து அமெரிக்காவில் குடியேறியவர், அந்தக் கம்பெனியில் எங்கள் வேலையைச் சரிபார்ப்பவர். "ஏம்பா, உங்க தெருவுல 2-9 வீட்டுக்கு அடுத்தது 2-10 தானே? நீ போய் 2-1 கதவைத் தட்டுவியா?"

ஒரே ஒரு வரி

அதற்கப்புறம் எதையும் நிறுத்தவே பயம். ஐயோ, அந்தப் பயத்தில் ஒரு காரியம் செய்தேன். ஸ்கிரிப்ட் செய்கிற சோதனை தோற்றாலும் "ஓகே" என்று எழுதிவிட்டுப் போகும்படி ஒரு வரி சேர்த்தேன். எல்லாருக்கும் சந்தோஷம். ஆறாவது மாதம் மேனேஜர் தட்டிக்கொடுத்தார். நிரந்தரக் கடிதம் அடுத்த வாரம் என்றார்.

அதே மூச்சில் இன்னொன்றும் சொன்னார். திங்கட்கிழமை அந்த அமெரிக்கக் கம்பெனியின் மென்பொருள், ஆஸ்பத்திரியில் நோயாளிக்குச் சொட்டுச் சொட்டாக மருந்து ஏற்றும் மெஷினுக்குப் போகிறதாம். எனக்கு வயிறு கலங்கிவிட்டது. அந்த மெஷினின் கம்பைலருக்குப் பெரிய எண்களைக் கையாளத் தெரியுமா என்று பார்க்கிற சோதனையைத்தான் நான் வாயடைத்து வைத்திருந்தேன். தெரியாவிட்டால் மருந்தின் அளவு தப்பாகும். சுகுணாவிடம் சொன்னேன். "சொன்னா உன் வேலை போவும். சொல்லலன்னா யார் வீட்டு உசுரோ போவும். எழுந்து போடா உள்ள."

மேனேஜர் அறை

போய்ச் சொன்னேன். மேனேஜர் தெலுங்குக்காரர். அந்த ஒரு வரியை அழிக்கச் சொல்லி, சோதனையை மறுபடி ஓடவிட்டார். திரையில் "இல்லை" என்று வந்தது. கல்யாணி மேடத்துக்குப் போன் போட்டு, திங்கட்கிழமை எதுவும் போகக் கூடாது என்றார். நான் என் டிபன் பாக்ஸை நினைத்துக்கொண்டு நின்றேன். மறக்காமல் எடுத்துக்கொண்டு போக வேண்டும். அப்போதுதான் அவர் நிமிர்ந்தார். "உனக்கு முந்தி இருந்தவனும் இதே வரிதான் எழுதினான். அவன் சொல்லலை, நாங்களா கண்டுபிடிச்சோம். நீ வந்து சொன்னே. அந்தே, அவ்வளவுதான் வித்தியாசம். போய் வேலையைப் பாரு."

அன்று முதல் ஸ்கிரிப்ட் "ஓகே" என்றால் முதலில் என் வயிற்றைத்தான் கேட்கிறேன். இத்தனை வெர்ஷன் மாறியும் அது மட்டும் இன்னும் சரியாகப் பயப்படுகிறது.