"எட்டுது தாத்தா!"

ரப்பர் தோட்டத்தில் எனக்கிருந்த வேலை, பால்மரம் சீவுகிறவர்கள் வாளியில் கொண்டுவரும் பாலில் தண்ணீர் கலந்திருக்கிறதா என்று பார்ப்பது. அதிகமாகச் சிரிக்கிறவர் வாளியைத்தான் முதலில் சோதிப்பேன். தோட்டம் எண்ணெய்ச் செம்பனையாக மாறி, நான் வேலையை விட்டும் பல வருடங்கள் ஆகிவிட்டன. அந்தச் சந்தேகம் மட்டும் என்னை விடவில்லை.

போன பள்ளி விடுமுறையில் என் பேத்திக்கு ஒரு பழைய சைக்கிள் வாங்கப் போனேன். அவளுக்கு ஏழு வயது. எங்கள் வீடு ரெம்பாவ் பக்கம், மேட்டில் இருக்கிறது. வாசலிலிருந்து இறங்கும் செம்மண் பாதை நேராகச் சாலையில் போய் முடியும். அந்தச் சாலையில் செம்பனைக் குலை ஏற்றிய லோரிகள் ஓயாமல் ஓடும். சைக்கிள் எப்படி இருந்தாலும் சரி, அந்த இறக்கத்தில் அவளால் நிற்க முடிய வேண்டும். எனக்கு அது ஒன்றுதான் கவலை.

பெடாஸில் ஒருவர் தன் வீட்டு முன்னாலேயே பழைய சைக்கிள்களைச் சரிசெய்து விற்கிறார். என்னைவிட இளையவர். எங்களைக் கண்டதும் சிரித்தார். எனக்கு அங்கேயே பிடிக்கவில்லை.

பேத்தி நேராகப் பெரிய சிவப்பு சைக்கிளிடம் ஓடினாள். எனக்கும் அதுதான் சரியென்று பட்டது. வளர்கிற பிள்ளை. எங்கள் வீட்டில் சட்டை, சப்பாத்து எல்லாமே ஒரு அளவு கூட்டித்தான் வாங்குவோம்.

"அது வேணாம்ணே, இந்த நீலத்த எடுங்க. சின்னது, பிள்ளைக்கு அளவா இருக்கும். வெலையும் கொறைவு" என்றார் அவர்.

விலை குறைந்ததை எடு என்று சொல்லும் வியாபாரியை நான் பார்த்ததில்லை. நீலத்தில் ஏதோ கோளாறு, என் தலையில் கட்டப் பார்க்கிறார் என்று நினைத்தேன். சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிவிட்டேன், நெளியவில்லை. பிரேக்கை அழுத்தினேன், பிடித்தது. அடியில் விரிசல் இருக்கும் என்று, ஒட்டியிருந்த பூப்படத்தை நகத்தால் உரித்தேன்.

"உரிங்கண்ணே, நல்லா உரிங்க. உள்ள இன்னொரு சைக்கிள் இருக்கும்."

கோளாறே இல்லாதது எனக்கு இன்னும் உறுத்தியது. "எங்கேருந்து வந்த சாமான் இது?"

"எம்மவ ஓட்டுனதுண்ணே. இப்ப அவ என் ஒசரம். போன் போட்டுத் தரவா?"

நான் சிவப்பிடம் திரும்பினேன். பேத்தி அதற்குள் சீட்டில் ஏறியிருந்தாள். செயினைப் பார்க்க வலது பக்கம் குந்தினேன். அவளுடைய வலது கால் பெடலில் இருந்தது.

"அந்தப் பக்கத்துக் கால் தரையில எட்டுதாம்மா?"

"எட்டுது தாத்தா! நல்லா எட்டுது!"

"அண்ணே, என்னைய நல்லா சோதிச்சீங்க. இந்தப் பக்கம் வந்து பிள்ளையையும் பாருங்க லா" என்றார் விற்பவர்.

சுற்றிப் போய்ப் பார்த்தேன். அவளுடைய இடது கால் ஒரு செங்கல் மேல் இருந்தது. சுவரோரம் கிடந்ததை அவளே நகர்த்தி வைத்திருக்கிறாள். நான் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு செங்கல்லைத் தள்ளினேன். பெருவிரல் நுனி தரையைத் தேடியது, கிடைக்கவில்லை. எனக்கு எங்கள் வீட்டு இறக்கம் கண்முன் வந்தது.

எத்தனையோ பேர் வாளியைக் கிளறிப் பார்த்தவன் நான். கூடவே கூட்டி வந்தவளைப் பார்க்கவில்லை.

நீலத்தில் உட்கார வைத்தேன். இரண்டு பாதமும் முழுசாகத் தரையில் பதிந்தன. அதையே வாங்கினேன். கிளம்பும்போது அவள் சிவப்பையே திரும்பித் திரும்பிப் பார்த்தாள்.

அன்று மாலை மேட்டிலிருந்து இறங்கினாள். நான் பாதை முடியும் இடத்தில் சாலைக்கு முதுகைக் காட்டி நின்றேன். பிரேக்கைப் பிடித்து, இரண்டு காலையும் ஊன்றி, எனக்கு ஒரு முழம் முன்னால் நின்றாள். என் பின்னால் லோரி ஒன்று போனது.

போன வாரம் அந்த நீல சைக்கிளில் உட்கார்ந்தபடியே கேட்டாள்: "தாத்தா, நான் வளந்துட்டேன். முட்டி ஹேண்டில்ல இடிக்குது. அந்தச் செவப்பு இன்னும் அங்க இருக்குமா?"

பதில் சொல்வதற்கு முன் குனிந்து பார்த்தேன். சீட்டை யாரோ அடிவரைக்கும் இறக்கி வைத்திருந்தார்கள்.