ஆசிட் போட்டுக் கழுவிய கூழாங்கற்கள்

தெலுங்கும் இந்தியும் புழங்கும் போலாரத்தில் பிறந்த தமிழன் நான். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்தது. சித்தாளாகக் கல் சுமந்து, மேஸ்திரியாகி, பிறகு சொந்தமாக ஆள் வைத்து வேலை எடுத்தேன். நான் கட்டிய தொட்டி எதுவும் இன்றுவரை ஒழுகியதில்லை. இதைச் சொல்ல எனக்குக் கூச்சம் கிடையாது.

குகட்பள்ளிப் பக்கம் ஒரு காலனி ஓரத்தில் காலி இடம் ஒன்று, அதன் நடுவே சாக்கடை. சென்னையிலிருந்து வந்து குடியேறிய ஒரு பெண், சிலை செய்கிறவர், அங்கே ஒரு தோட்டத்துக்குப் படம் வரைந்து கொண்டுவந்தார். நத்தை ஓடு மாதிரி சுற்றிச் சுற்றிப் போகும் கல் வாய்க்கால். அதில் கூழாங்கல் நிரப்பிக் கல்வாழை நட வேண்டும். சாக்கடை வெளிமுனையில் நுழைந்து, சுற்றி வந்து, நடுவிலிருக்கும் மீன் குளத்தில் தெளிந்து விழ வேண்டும். படித்த இஞ்சினியர்கள் இரண்டு பேர் அந்த வளைவுக்கு மட்டம் எடுக்க முடியாமல் போய்விட்டார்கள். நான் டியூபில் தண்ணீர் விட்டு மட்டம் பிடித்தேன். சுற்றுக்கு இரண்டு விரல் சரிவு. தண்ணீர் எங்கும் தேங்கவில்லை.

காலனி செயலாளருக்கு அந்த இடத்தில் கார் நிறுத்த வேண்டும். திறப்பு விழா அன்று நாற்றம் வந்தால் மூடிவிட்டு பார்க்கிங் போடுவோம் என்று தெலுங்கில் முடிவாகச் சொல்லிவிட்டார்.

மூன்று மாதம் தண்ணீர் ஓடியது. முதலில் கறுப்பு, பிறகு டீ நிறம். அந்தப் பெண் தினமும் ஒரு கண்ணாடி டம்ளரில் மொண்டு வெயிலில் பிடித்துப் பார்ப்பார்.

"என்னம்மா, டீ தெளிஞ்சுதா?" என்பேன்.

"லைட் டீதான் அண்ணா. ஒரு வாய் குடிச்சுப் பார்க்குறீங்களா?"

"நக்கோ மா. பேரப்புள்ளைங்க கல்யாணம் பாக்கணும்."

கடைசியில் குளத்தின் தரை தெரிந்தது. மீன் விட்டார்.

விழாவுக்கு முந்தின நாள் பகலில் அவர் ஏதோ வாங்க வெளியே போயிருந்தார். கல்லெல்லாம் பழுப்பாக, தொட்டால் வழவழவென்று இருந்தது. எங்கள் தொழிலில் வேலையை ஒப்படைக்கும் முன் ஆசிட் போட்டுக் கழுவித்தான் கொடுப்போம். அழுக்கோடு கொடுத்தால் மேஸ்திரிக்குக் கேவலம். வெளிமுனையை அடைத்து, நான்கு ஆட்களை இறக்கி, ஆசிட் ஊற்றிக் கிளறித் தேய்க்க வைத்தேன். கூழாங்கல் முத்து மாதிரி வந்தது. சாக்கடையைத் திறந்துவிட்டு வீட்டுக்குப் போனேன்.

காலையில் மீன்கள் மல்லாந்து கிடந்தன. கல்வாழை இலைகளின் ஓரம் கருகியிருந்தது. சாக்கடை நுழைந்த நிறத்திலேயே குளத்தில் நின்றது.

"அண்ணா, கல்லைக் கழுவுனீங்களா?"

"ஹவ் மா, கழுவுனேன். எவ்வளோ பளிச்சுனு இருக்கு பாருங்க."

அவர் ஒரு கல்லை எடுத்து விரலால் தடவினார். "அந்த வழவழப்புதான் அண்ணா தண்ணியைத் தெளிய வச்சுது. அதுக்கு உசுரு இருக்கு. மூணு மாசமா நாம அதைத்தான் வளர்த்தோம்."

கல்லும் செடியும் வடிகட்டுகின்றன என்றுதான் நான் நினைத்திருந்தேன். அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் பதிலுக்கு ஏதாவது பேசியிருப்பேன்.

விழாவுக்கு வந்த காலனி சங்கத்தார் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றார்கள். என்ன ஆயிற்று என்று செயலாளர் கேட்டார். தன் கணக்கில் பிசகிவிட்டது, இன்னும் மூன்று மாதம் கொடுங்கள் என்று அந்தப் பெண் இந்தியில் சொன்னார். கொடுக்கவில்லை. நான் பக்கத்தில்தான் இருந்தேன். கழுவியது நான் என்று ஒரு வார்த்தை சொன்னால், ஒருவேளை கொடுத்திருப்பார்கள். சொல்லவில்லை. பயம் இல்லை. வெட்கம்கூட இல்லை. ஊசி போட்ட பிறகு பல்லைப் பிடுங்கினால் சத்தம் மட்டும் கேட்குமே, அப்படி இருந்தது.

பார்க்கிங் வேலையை எனக்கே கொடுத்தார்கள். எடுத்துக்கொண்டேன். ஒரே நாளில் உடைத்துவிடலாம் என்றார் மெஷின்காரர். மூன்று நாள் ஆயிற்று. நான் போட்ட கட்டு அது. எங்கே வெட்டினால் விடும் என்று நானே நின்று காட்டிக் கொடுத்தேன்.

செயலாளரை வழியில் பார்ப்பதுண்டு. அந்தம்மா போட்ட கணக்குதான் தப்பு, உங்கள் வேலையில் குறை இல்லை என்பார்.

ஹவ் என்று சொல்லிவிட்டு வருகிறேன்.