சிவப்பு அரளி, வெள்ளை அரளி

பள்ளியில் நிகழ்தகவுப் பாடம் நடத்திய வருஷம் எனக்கு எல்லார் மேலும் சந்தேகம். அதிலும் முதல் ஆள் எங்கள் கோயில் பூசாரிதான்.

அப்பாவின் தங்கையை, அதாவது என் அத்தையை, யார் பெண் கேட்டு வந்தாலும் எங்கள் வீட்டில் சாமியிடம் பூ கேட்பார்கள். சிவப்பு அரளி ஒரு பொட்டலம், வெள்ளை அரளி ஒரு பொட்டலம். அத்தை கட்டித் தருவாள். பூசாரி சாமி காலடியில் வைத்துக் கலைப்பார். சின்னப்பிள்ளை என்று என்னை எடுக்கச் சொல்வார்கள். சிவப்பென்றால் சம்மதம், வெள்ளையென்றால் வேண்டாம். எடுக்காத பொட்டலத்தைப் பிரிக்காமல் கிணற்றில் போட்டுவிட வேண்டும். மூன்று மாப்பிள்ளை வந்தார்கள். மூன்று தடவையும் வெள்ளை.

வீட்டுப்பாடத்திலோ பைக்குள் ஒரு சிவப்புப் பந்து, ஒரு வெள்ளைப் பந்து. எனக்குக் கணக்குச் சொல்லித் தந்தது அத்தைதான். அருப்புக்கோட்டைக்கு பஸ்ஸில் போய் டிகிரி படித்தவள்.

"மூணு தடவையும் வெள்ளையே வர எவ்வளவு அத்தை?"

"எட்டுல ஒண்ணு."

"அப்ப பூசாரி என்னமோ பண்றாரு."

"எட்டுல ஒண்ணுன்னா நடக்காதுன்னு இல்ல. அடுத்த தடவையும் பாதிக்குப் பாதிதான். பேசாமக் கணக்கப் போடு."

நான் விடுவதாக இல்லை.

நான்காவதாகப் பாலவனத்தத்திலிருந்து வந்தார்கள். முந்தின மூவரையும் 'அந்த ஆளு' என்ற அத்தை, "அவுகளும் எங்க பஸ்ஸுலதான் காலேஜுக்கு வருவாக" என்று அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். அப்பா கறாராகச் சொல்லிவிட்டார்: "இதுவும் வெள்ளையா விழுந்தா, அடுத்து நான் கைகாட்டுறவன்தான் மாப்பிள்ளை. பூவும் கெடையாது, ஒண்ணும் கெடையாது."

அன்று காலை, அரளிச் செடிகள் நிற்கும் மோட்டார் ரூம் பக்கம் போனேன். சிவப்பு அரளியில் இரண்டு காம்பு ஒடிந்திருந்தது. வெள்ளைச் செடியில் கைவைத்த அடையாளமே இல்லை. பாவம், பதற்றத்தில் மறந்துவிட்டாள் என்று ஒரு வெள்ளைப் பூவைப் பறித்துக்கொண்டு கோயிலுக்கு ஓடினேன். அத்தை பொட்டலம் கட்ட உட்கார்ந்திருந்தாள். அப்பா பக்கத்தில் நின்றார்.

"வெள்ளைப் பூவ மறந்துட்டீக அத்தை."

அவள் முகம் செத்துப்போயிற்று. அப்பா திரும்பிப் பார்த்தார்.

"நல்லவேளை, கொண்டாந்த," என்று வாங்கிக்கொண்டு, எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து கட்டினாள். நான் பூசாரியின் கையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

சிவப்பு வந்தது. அத்தை அழுதுவிட்டாள். மற்றப் பொட்டலத்தை அவளே கிணற்றில் போட்டாள்.

திரும்பும் வழியில் அவள் இடுப்புச் செருகலிலிருந்து ஒரு பூ விழுந்தது. வெள்ளை அரளி. எடுத்துக் கொடுத்தேன். வாங்கி வேலிக்கு அந்தப் பக்கம் எறிந்துவிட்டு, என் தலையைத் தடவினாள்.

வீட்டுக்கு வந்து, பந்துக் கணக்குக்கு இரண்டில் ஒன்று என்று விடை எழுதினேன். பூசாரி மேல் வீணாகச் சந்தேகப்பட்டோமே என்று எனக்கு வருத்தமாகக்கூட இருந்தது. நான் கொடுத்த பூ ஏன் கிணற்றுக்குப் போகவில்லை என்று மட்டும் கேட்கத் தோன்றவில்லை.