துரை கல்லில் அணைந்த சுருட்டு

மலேசியாவில், கிள்ளானில், எங்கள் பழைய ரப்பர் தோட்டம் இருந்த இடத்தில் இப்போது வரிசை வீடுகள். கோடியில், செம்பனை மரங்களுக்கு அடியில், துரை கல் மட்டும் மிச்சம். எந்தக் காலத்திலோ காய்ச்சலில் செத்த வெள்ளைக்காரத் துரை அதில் இருப்பதாக நம்பிக்கை. எங்கள் வீட்டில் யார் வெளிநாடு போனாலும் அவருக்கு விஸ்கியும் பிஸ்கட்டும் வைத்து, சுருட்டு கொளுத்த வேண்டும். அது கடைசிவரை எரிந்தால் உத்தரவு கிடைத்ததாக அர்த்தம். நான் லண்டனுக்குப் படிக்கப் போனபோது அப்பா கொளுத்தினார்; சாம்பலாகும்வரை எரிந்தது.

அப்பா போய்ச் சேர்ந்துவிட்டார். போன மாதம் என் மகளைத் துரை கல்லுக்கு நான் அழைத்துப் போனேன். அவளுக்கு ஷாங்காயில் படிக்க இடம் கிடைத்திருந்தது. லண்டன் இல்லையா என்று பிரிக்பீல்ட்ஸில் இருக்கும் என் அக்கா முகம் சுளித்தாள். லண்டனில் படித்தவர்களே இப்போது ஷாங்காய் பக்கம்தான் வேலை தேடுகிறார்கள் என்று மகள் சொன்னது அக்கா காதில் ஏறவில்லை. உத்தரவு வராமல் அனுப்பினால் பிள்ளைக்கு ஆகாது என்று பயமுறுத்தி வைத்தாள். எனக்கும் பயம்தான், பொய் சொல்வானேன்.

சாயங்காலம். காற்றே இல்லை. கொளுத்தி வைத்தேன், அணைந்தது. மறுபடி கொளுத்தினேன், மறுபடி அணைந்தது. ஒரு பறவைகூடக் கத்தவில்லை. கல்லுக்குப் பின்னால் யாரோ மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பதுபோல் இருந்தது.

"இந்த வெள்ளைக்காரங்களால எப்படிம்மா நம்மள அவ்வளவு காலம் ஆள முடிஞ்சுது?" என்று மகள் கேட்டாள்.

கப்பல், துப்பாக்கி, நம் ரப்பரைத் தின்ற அவர்களுடைய ஆலைகள், தங்களுக்குள் அடித்துக்கொண்ட நம் ராஜாக்கள் என்று பள்ளிக்கூடத்தில் படித்ததையெல்லாம் எரிச்சலோடு ஒப்பித்தேன். ஒப்பித்துக்கொண்டே, என்னை அறியாமல், சுருட்டை வாயில் வைத்து இழுக்கப் போனேன்.

அப்போதுதான் அப்பாவின் முதுகு ஞாபகம் வந்தது. அன்று எங்களைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, கல்லை மறைத்தபடி குந்தியிருந்தார். தோளுக்கு மேல் புகை விட்டு விட்டு எழுந்தது. சுருட்டையே தொடாத மனிதர், வீடுவரை இருமிக்கொண்டே வந்தார்.

சுருட்டை வாயிலிருந்து எடுத்துவிட்டேன். கப்பலும் துப்பாக்கியும் போன பிறகும், எங்கள் அப்பாக்களின் மூச்சில்தான் துரை உயிரோடு இருந்திருக்கிறார்.

"உத்தரவு வந்துருச்சாம்மா?"

"கொடுக்க இங்க யாரும் இல்ல. நீ போ லா."

சுருட்டை அணைந்தபடியே கல்மேல் வைத்துவிட்டுக் காரை நோக்கி நடந்தோம். பின்னால் யாரோ இருமினார்கள். அப்பா இருமுவதுபோலவே இருந்தது. மகளுக்கும் கேட்டிருக்க வேண்டும், என் கையை இறுகப் பிடித்தாள். இருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.