பெயர் எழுதாத சுவர்: கனகசெட்டிக்குளத்தில் ஒரு மாலை

கனகசெட்டிக்குளத்தின் வடக்குக் கோடியில், கடற்கரையிலிருந்து பெரிய சாலைக்கு ஏறும் மணல் பாதைக்கு இன்று காலை வரை விளக்கு வரவில்லை. தகவல் தந்தவர் மீன் விற்கும் வளர்மதி. அந்தப் பாதையில் நடந்து வந்தவர், பெரிய மார்க்கெட்டில் கூடையை இறக்கிய கையோடு சொன்னார். புதுச்சேரியில் உள்ளாட்சித் தேர்தலுக்கும் தேதி வரவில்லை. இந்த இரண்டுக்கும் என்ன தொடர்பு என்று பார்க்கத்தான் போன ஆடி மாதம் அந்த ஊருக்குப் போய்வந்தேன்.

வளர்மதியிடம் பல வருடங்களாக மீன் வாங்குகிறேன். நான் ஓய்வுபெற்ற செய்தியாளன் என்று தெரிந்த நாளிலிருந்து, மீனை நிறுக்கும்போதே கேட்பார்: "எலெக்‌ஷன் எப்ப சார்?" ஒரு சனிக்கிழமை, வழக்கம்போலத் தெரியாது என்றேன். "பேப்பர்ல இருந்த உங்களுக்கே தெரியலன்னா, இந்த வஞ்சிரத்துக்கா தெரியும்? ஒருநாளு எங்க ஊரு பக்கம் வாங்க. எல்லைய காட்டுறேன்" என்றார்.

பேருந்து நிலையத்திலிருந்து மாலை நாலரைக்குக் கிளம்பினேன். தூரம் சுமார் பதினைந்து கிலோமீட்டர், கட்டணம் இருபது ரூபாய், முக்கால் மணி நேரப் பயணம். வலப்பக்கம் உட்காருங்கள், அவ்வப்போது கடல் தெரியும். கருவடிக்குப்பத்தை இடப்புறம் விட்டு வண்டி வடக்கே திரும்பியதும் நடத்துநர் குரல் கொடுத்தார்: "பையில பாட்டில் கீட்டில் இருந்தா இங்கயே எறங்கிடுங்கப்பா. அடுத்தது தமிழ்நாடு." பின்சீட்டிலிருந்து ஒருவர், "அப்புறம் திரும்பவும் பாண்டிதானே வருது?" என்றார். "வரும். நடுவுல போலீசும் வரும்" என்று சொல்லிவிட்டு நடத்துநர் அடுத்த டிக்கெட்டைக் கிழித்தார்.

அவர் சொன்னது சரிதான். கோட்டக்குப்பத்தில் தமிழ்நாடு தொடங்குகிறது, காலாப்பட்டுக்கு முன்னால் மறுபடி புதுச்சேரி. பிரெஞ்சுக்காரர்கள் பல காலங்களில், பல கைகளிலிருந்து துண்டு துண்டாகப் பெற்ற நிலம் இது. அந்தத் துண்டுகள் அப்படியே நின்றுவிட்டன. காரைக்காலும் மாஹேயும் ஏனாமும் எங்கோ தொலைவில் இருந்துகொண்டு இதே அரசைச் சேர்ந்தவை. நகரத்துக்கு வெளியே உள்ளாட்சிக்கு இன்றும், பிரெஞ்சுக் காலச் சொல்லோடு, கொம்யூன் பஞ்சாயத்து என்றுதான் பெயர். பெயர் இருக்கிறது, தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர்தான் இல்லை. 2006இல், முப்பத்தெட்டு ஆண்டுகள் கழித்து உள்ளாட்சித் தேர்தல் நடந்தபோது செய்தி சேகரிக்கப் போயிருந்தேன். வாழ்க்கையில் முதல் தடவையாக வார்டு உறுப்பினருக்கு ஓட்டுப் போட வந்தவர்கள், கல்யாணத்துக்கு வருவதுபோல உடுத்தி வந்திருந்தார்கள். அவர்கள் தேர்ந்தெடுத்தவர்களின் பதவிக்காலம் 2011இல் முடிந்தது. அதன்பிறகு தேர்தல் இல்லை.

நிறுத்தத்தில் வளர்மதி காத்திருந்தார். கூடவே அவருடைய தங்கை கலா. முகச்சாயல் அப்படியே அக்காவுடையது. கலா வாழ்க்கைப்பட்டது நடந்தே போகும் தூரத்தில், எல்லைக்கு அந்தப் பக்கம், விழுப்புரம் மாவட்டத்தில். அங்கே அவர் ஊராட்சி வார்டு உறுப்பினர்.

மூவரும் அந்த மணல் பாதையில் இறங்கினோம். கரையிலிருந்து பெண்கள் கூடையோடு ஏறி, விடியுமுன் முதல் வண்டியைப் பிடிப்பது இதில்தான். ஒரு மழைக்காலத்தில் வளர்மதி இங்கே இருட்டில் விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டார். அப்போதே, இந்தப் பாதைக்கு விளக்கு வாங்கித் தருவதாக, தன்னோடு நடக்கும் பெண்களிடம் சொல்லிவிட்டாராம். 2021இல் தேர்தல் அறிவிப்பு வந்தது. சுயேச்சையாக நிற்க முடிவுசெய்து, பாதையோரம் இருந்த தன் வீட்டுச் சுவருக்கு வெள்ளையடித்து, பெயர் எழுத ஆளும் சொல்லி வைத்தார். பிறகு வீடு வீடாக ஓட்டுக் கேட்கப் போனார்.

"எங்க போனான்னு கேளுங்க சார்" என்றார் கலா.

"சும்மா இருடி."

"புதுசா மனை போட்ட தெருவு சார். இவ ரெண்டு நாளு அங்க கும்புடு போட்டிருக்கா. மோரு குடுத்து, போடுறோம்மான்னு அனுப்பியிருக்காங்க. அது எங்க விழுப்புரம் ஓட்டு. மறுநாளு நான் போறேன், 'நேத்துதான வந்துட்டுப் போன, திரும்ப எதுக்கு வந்த'ன்றாங்க. எனக்குப் பாதி ஓட்டு வாங்கிக் குடுத்ததே அக்காதான்."

வளர்மதியும் சிரித்துவிட்டார். "வூட்டுக்கு வூடு எல்லைக்கல்லா நட்டு வச்சிருக்கான்? மனுசங்க இருந்தாங்க, கேட்டேன்."

அதே பருவத்தில் அந்தப் பக்கம் தேர்தல் நடந்து கலா ஜெயித்தார். இந்தப் பக்கத் தேர்தல், இட ஒதுக்கீடு தொடர்பான வழக்கில் நின்றுபோனது. வளர்மதியின் சுவரில் பெயர் ஏறவில்லை. ஒவ்வொரு பொங்கலுக்கும், மற்ற சுவர்களுக்கு முன்பாக, முதலில் அந்தச் சுவருக்குத்தான் சுண்ணாம்பு அடிக்கிறார். வேறு யாரையும் ஒரு போஸ்டர்கூட ஒட்ட விடுவதில்லை.

ஆறே முக்காலுக்குப் பாதையின் மேல்முனைக்கு வடக்கே, எல்லைக்கு அப்பால், ஒரு விளக்கு எரிந்தது. கலா தன் ஊராட்சியில் பேசி, கடைசிக் கம்பத்தில் போடவைத்தது. வெளிச்சம் எல்லையைத் தாண்டி வந்து, சுவரின் பாதியில் நின்றது. அதற்குக் கீழே கரை வரைக்கும் இருட்டுத்தான்.

"அதுக்கு மேல எங்க கம்பி வராது" என்ற கலா, அக்காவின் பக்கம் திரும்பினார். "சார் முன்னாடியே கேக்குறேன். அடுத்த தடவ நான் நிக்கல. பின்னாடி வூடு காலியா இருக்கு. அங்க வந்துடு, ஓட்டு கார்ட மாத்து, நில்லு. அந்தத் தெருவே உன்ன மெம்பருன்னு நெனச்சிட்டிருக்கு."

வளர்மதி விளக்கைப் பார்த்தார். கரையில் வலை உதறும் சத்தம் கேட்டது. அந்த யோசனையில் அவருக்கு ஆசை இருந்தது என்பது முகத்தில் தெரிந்தது. நான்கு ஆண்டுகளாக யாரும் தராத ஒன்றைத் தங்கை தட்டில் வைத்து நீட்டுகிறார்.

"அங்க வந்து ஜெயிச்சா, இந்தப் பாதைக்கு வெளக்கு போட முடியுமா?"

"அதெப்படி முடியும்? அதான் சொன்னேனே."

"அப்ப வாணாம்டி" என்றார் வளர்மதி. "நான் சொன்னது இங்க நடக்குறவளுங்ககிட்ட."

கலா, ஒருமுறை முறிந்த அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டார். வெளிச்சம் முடிந்த இடத்தில் நான் கைப்பேசி விளக்கைப் போட்டேன்.

போக நினைப்பவர்களுக்கு: எல்லை என்று பலகை தேடாதீர்கள். கடைப் பலகைகளின் கடைசி வரியைப் படியுங்கள், மாவட்டம் மாறுவது தெரியும். ஐந்தரைக்குள் போய்ச் சேருங்கள். மதுப்புட்டி வேண்டாம், நடத்துநர் சொன்ன காரணம்தான். திரும்புவதற்கு மரக்காணம் பக்கமிருந்து வரும் வண்டிகள் உண்டு, ஆனால் எல்லாமே நிற்பதில்லை. இரண்டு முறை கை காட்டிவிட்டு, மூன்றாவது வண்டியில்தான் ஏறினேன். பாதையில் இறங்குவதானால் ஒரு டார்ச் எடுத்துச் செல்லுங்கள்.

நிலுவையில் இருப்பவை இரண்டு. தேர்தல் எப்போது என்று சொல்லக்கூடிய யாரையும் நான் இதுவரை சந்திக்கவில்லை. விளக்கு, தேர்தலுக்குப் பிறகு. சுவருக்கு அடுத்த சுண்ணாம்பு மட்டும் பொங்கலுக்கு முந்தின வாரம். பெயர் எழுதுபவரிடம் வளர்மதி இந்த வருடமும் சொல்லி வைத்திருக்கிறாராம்.