இடக்கைக்கு ஒரு வில்லுக்கத்தி

பூவரசம் இலை ஒன்றைப் பறித்து, இடக்கையால் வில்லுக்கத்தியை விரித்து, நடுநரம்பை ஒட்டி இரண்டாக வகிர்ந்து பார்த்த பிறகுதான் அற்புதராணிக்குக் காலைத் தேநீர் இறங்கும். இலை எங்காவது கிழிந்தால் தீட்டுக்கல் வெளியே வரும், தேநீர் ஆறிப்போகும். சுத்தமாக வெட்டுப்பட்டால் இரண்டு பாதியையும் வீட்டுக்கார அம்மாவின் ஆட்டுக்குப் போட்டுவிட்டு, கத்தியை மடக்கி இடுப்பில் செருகிக்கொள்வாள். ஆடு இதற்காகவே விடியற்காலையில் இருந்து வேலியோரம் காத்து நிற்கிறது.

வயது நாற்பத்திரண்டு. பிறந்ததும் வாழ்க்கைப்பட்டதும் குருநகரில். ஷெல்லடி தாங்காமல் எழும்பி வந்து, இரண்டு வருடமாகக் கோப்பாயில் இரத்தினம்மா என்பவரின் வளவுக்குள் கொட்டில் போட்டு இருக்கிறாள். கடலுக்குப் போக வழியில்லாத கணவன் சந்தியோகு, வெங்காயப் பாத்திகளுக்குத் தண்ணீர் கட்டப் போகிறார். அற்புதராணிக்கு மட்டும் கடல் இன்னும் வாயை விட்டு இறங்கவில்லை. திசைக்கெல்லாம் காற்றின் பேர்தான்: வடக்கு வேலி அவளுக்கு 'வாடைப் பக்கம்', தெற்கு வேலி 'சோளகப் பக்கம்'. "கொண்டல் பக்கத்து வாழை குலையோடை சரிஞ்சு போச்சு அக்கா" என்று அவள் சொன்னால், இரத்தினம்மா நாலு திக்கும் சுற்றிப் பார்த்துவிட்டுத்தான் கிழக்கே நடப்பார். சிரிக்கக்கூடிய கதை ஏதும் சொல்ல வந்தால், கதை முடியும் முன்பே அவள் சிரித்து முடித்துவிடுவாள்.

இடக்கைக்காரி. பள்ளிக்கூடத்தில் அடிமட்டத்தால் வாங்கிய அடியில் எழுத்து மட்டும் வலக்கைக்கு மாறியது. "சிலுவை போட, சோறு தின்ன, கையெழுத்து வைக்க வலக்கை. மிச்சமெல்லாம் உவன்தான்" என்று இடக்கையைத் தூக்கிக் காட்டுவாள், வேலைக்கு வைத்த ஆளை அறிமுகப்படுத்துவதுபோல.

தொண்ணூற்றிரண்டாம் ஆண்டு ஐப்பசியில் கோயில் மண்டபத்தில் மரம் ஒட்டும் வகுப்பு இரண்டு நாள் நடந்தது. நடத்தியவர் சண்முகநாதன் என்கிற இளம் விவசாய உத்தியோகத்தர். நல்ல மரத்தின் நுனிக்கொப்பை ஆப்புப்போலச் சீவி, சாதாரணக் கன்றின் தண்டைப் பிளந்து அதற்குள் இறக்கிக் கட்டவேண்டும். சீவிய முகம் கண்ணாடிபோல் மட்டமாக இருந்தால்தான் இரண்டும் ஒட்டும். அற்புதராணி சீவினால் முகம் கரண்டிபோல் குழிந்தது. "வலக்கையாலை வெட்டிப் பழகுங்கோ அக்கா" என்றார் அவர். வலக்கையால் வெட்டினாள். பெருவிரல்தான் வெட்டுப்பட்டது. பழகிப் பார்க்கச் சொல்லித் தன் ஒட்டுக்கத்தியையே அவளிடம் விட்டுவிட்டு, அவர் வேறு அலுவலாகக் கிளாலிக் கடலேரி கடந்து வன்னிக்குப் போய்விட்டார்.

கார்த்திகை மழையில் ஒருநாள் விடிய, இரத்தினம்மாவின் கறுத்தக்கொழும்பான் மாமரம் வேரோடு சரிந்து கிடந்தது. ஊரில் பேர்போன மரம். பேர்போன காரணம் பழம் மட்டுமல்ல. "ஒரு காய்கூட ஆருக்கும் சும்மா குடுத்ததில்லை நான்" என்று மரத்தடியில் குந்தியிருந்து இரத்தினம்மா அழுதார். "அதுதான் ஊர்க்கண் பட்டிட்டுது."

அரைவாசி வேர் இன்னும் மண்ணுக்குள் இருந்தது. இலை வாட ஒரு கிழமை பிடிக்கும் என்று அற்புதராணி கணித்தாள். கிணற்றடியில் எந்தக் கொட்டையிலோ முளைத்த மாங்கன்றுகள் பத்து நின்றன.

"ஒட்டிப் பாப்பமா அக்கா?"

"உனக்கு ஒட்டத் தெரியுமோ?"

"தெரியாது. ஆனா வேறை ஆளும் இல்லை."

சண்முகநாதனின் கத்தியால் அன்றைக்கே நாலு கன்று பாழாகிற்று. ஐந்தாவதைத் தொடாமல் அவள் கத்தியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அலகின் ஒரு பக்கம் தட்டை, மற்றப் பக்கம் மட்டும் சரிவு. வலக்கைக்காரன் பிடித்தால் தட்டைப்பக்கம் கொப்பில் படிகிறது. அவள் பிடித்தால் சரிவுப்பக்கம் படிந்து, கத்தி தன்பாட்டில் உள்ளே இறங்குகிறது. நாற்பத்திரண்டு வருடமாகத் தன் கையிலேயே பிழை பிடித்துக் கொண்டிருந்தவள், அன்றைக்கு உரக்கச் சொன்னாள்: "பிழை கத்தியிலை."

ட்ரங்குப் பெட்டியின் அடியில் சந்தியோகுவின் வில்லுக்கத்தி கிடந்தது. கடலில் கயிறு அறுக்க வைத்திருந்தது. கறள் ஏறி, பிளாஸ்டிக் பிடி வெடித்து, விரிக்கவே இரண்டு ஆள் வேண்டும்.

"இதைக் கழட்டித் திருப்பிப் பூட்டப் போறன்" என்றாள்.

"கத்தி கழட்டின அனுபவம் இருக்கோ?" என்று கேட்டார் சந்தியோகு.

"தையல் மிசின் கழட்டினனான்."

"அது பிறகு தைக்கேல்லையே."

தேசிக்காயும் சாம்பலும் போட்டுத் தேய்த்துக் கறளை எடுத்தாள். ஆணியின் தலையை அராவி, இன்னொரு ஆணியால் தட்டிக் கழற்றினாள். பிடி இரண்டாகப் பிரிந்த அந்தக் கணத்தில் உள்ளிருந்த வில் துள்ளிப் பறந்து எங்கேயோ மண்ணில் விழுந்தது. வில் இல்லாவிட்டால் அலகு விரிந்தபடி நிற்காது. சத்தம் கேட்டு வந்த இரத்தினம்மாவோடு மூன்று பேரும் குனிந்து தேடினார்கள். கடைசியில் இரத்தினம்மா உள்ளே போய், மா அரிக்கும் அரிதட்டை எடுத்து வந்தார். மீன்சட்டி கழுவிய தண்ணீர் கிணற்றடியில் பட்டாலே முகம் சுளிப்பவர், தன் அரிதட்டில் மண்ணை அள்ளிப்போட்டு ஆட்டினார். ஐந்தாம் தடவை வில் மேலே தங்கியது.

அடுத்த நாள் அலகைத் தீட்டுக்கல்லில் தேய்த்தாள். சண்முகநாதனின் கத்தியைப் பக்கத்தில் வைத்து, அதைப்போலவே ஒரு பக்கம் தட்டை, ஒரு பக்கம் சரிவு. மத்தியானம் வரை தேய்த்து ஒரு வேப்பங்கொப்பைச் சீவினாள். முகம் குழிந்தது. அச்சொட்டாக இன்னொரு வலக்கைக் கத்தியைச் செய்து வைத்திருந்தாள். தன் தலையில் தானே ஒரு குட்டுப் போட்டு, சிரித்து, பிறகு கொஞ்சம் அழுதாள். மரத்தின் இலைகள் விளிம்பில் சுருளத் தொடங்கியிருந்தன.

முகம் கழுவித் தலை வாரக் கண்ணாடி முன் நின்றபோது, சண்முகநாதனின் கத்தி இன்னும் கையில்தான் இருந்தது. கண்ணாடிக்குள் சரிவு மற்றப் பக்கத்தில் தெரிந்தது. சீப்பை வைத்துவிட்டாள். கண்ணாடியைச் சுவரிலிருந்து கழற்றி, முற்றத்தில் தீட்டுக்கல்லுக்கு முன்னால் சாய்த்து வைத்து, அதற்குள் தெரிந்த சண்முகநாதனின் கத்தியைப் பார்த்துப் பார்த்துத் தன் அலகைத் தேய்த்தாள். பொழுதுபடும்போது வேப்பங்கொப்பின் முகம் பளிச்சென்று மட்டமாக வந்தது. அதை நாக்கில் வைத்துப் பார்த்தாள். ஏனென்று அவளுக்கும் தெரியாது.

பிடிக்கு வேலியில் நின்ற பூவரசு. முதல் சோடி, துளை போடும்போது வெடித்தது. இரண்டாம் சோடிக்குச் சைக்கிள் கம்பியைப் பழுக்கக் காய்ச்சித் துளை சுட்டாள். அலகை இடக்கை விரலால் கிள்ளித் திறக்க வசதியாகப் பிடியின் ஓரத்தில் ஓர் அரைவட்டம் குடைந்தாள். மினுக்குவதற்குக் குருநகரில் இருந்து கொண்டுவந்த காய்ந்த திருக்கை மீன் தோல்.

"வெள்ளிக்கிழமையும் அதுவுமா என்ன பிள்ளை மணக்குது?" என்று இரத்தினம்மா எட்டிப் பார்த்தார்.

"உங்கடை மாமரம் அக்கா."

இரத்தினம்மா மூக்கை மூடிக்கொண்டு பக்கத்தில் இருந்தார்.

ஸ்திரிக்கைப் பெட்டியைக் கவிழ்த்து வைத்து, அதன் மேல் சைக்கிள் கம்பியை ஆணியாக அடித்து இறுக்கினாள். இறுக்கியது கூடிப்போய்க் கத்தி அசையவில்லை. மறுபடி கழற்றி, அலகுக்கும் பிடிக்கும் நடுவே கலண்டர்த் தாள் ஒன்றைச் செருகி அடித்தாள். தாளை இழுத்து எடுத்ததும் அந்தளவு இடம் மிஞ்சியது. கத்தி 'டக்' என்று விரிந்து நின்றது. சந்தியோகு வாங்கி மூன்று தரம் மடக்கி விரித்தார். "தையல் மிசினையும் ஒருக்காப் பாரன்" என்றார்.

மிச்சம் நின்ற ஆறு கன்றிலும் அன்றைக்கே ஒட்டி, சொப்பிங் பையைக் கீலங்கீலமாகக் கிழித்துக் கட்டினாள். மூன்று கிழமை கழித்து நாலில் செம்புநிறத் தளிர் வெடித்தது. இரண்டு கறுத்துப்போயின.

"அந்த ரெண்டும் ஏன் செத்தது?" என்று கேட்டார் இரத்தினம்மா.

"ஒண்டு என்ரை பிழை. மற்றது உங்கடை ஆடு."

இரத்தினம்மா நாலையும் குடை பிடித்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். பிறகு, "ஒண்டை நீ எடு" என்றார். ஊர் இன்னும் அதை நம்பவில்லை. அற்புதராணி தன் பங்கைப் பழைய பிஸ்கட் தகரத்துக்குள் நட்டாள். "நிலத்திலை வைச்சால் விட்டிட்டுப் போகவேணும். தகரமெண்டால் தூக்கிக்கொண்டு போகலாம்."

இப்போது அக்கம்பக்கத்தில் தோடை ஒட்ட, தேசி ஒட்ட என்று கூப்பிடுகிறார்கள். இதுவரை இருபத்தேழு ஒட்டியிருக்கிறாள். பதினேழு பிழைத்திருக்கின்றன. பத்தின் சாவுக்கும் காரணம் கேட்டால் ஒளிக்காமல் சொல்வாள்.

போன மாதம் சண்முகநாதன் வந்திருந்தார். கன்றுகளின் ஒட்டைத் தடவிப் பார்த்தார். பிறகு, "அந்தக் கத்தியை ஒருக்காத் தாங்கோ அக்கா, வெட்டிப் பாப்பம்" என்று வலக்கையை நீட்டினார். அற்புதராணி அந்தக் கையை மெல்லக் கீழே இறக்கிவிட்டு, அவருடைய இடக்கையைப் பிடித்து விரித்து, அதற்குள் கத்தியை வைத்தாள்.